காது கேளாத வாலிபர் கண்ட வானத்து ரகசியம்

1782-ம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ந் தேதி.

இங்கிலாந்து நாட்டின் வட பகுதியில் யார்க் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. அன்று இரவு அந்த நகரத்தில் ஒரு வாலிபர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 18. காது கேட்காது.

அவர் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தார். திகைத்துப் போனார்.

வழக்கமாக அது பளிச்சென்று ஒளி வீசும். அன்று மங்கிக் கிடந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதையே உற்றுப் பார்த்தார். தம் கண்ணில் ஏதாவது கோளாறோ என்று சந்தேகப்பட்டார். காற்று சரியில்லையோ என்று நினைத்தார். இவ்வளவு சீக்கிரத்தில் ஒளி மாறும் நட்சத்திரத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. பார்த்ததை அப்படியே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

கண்ணிலே கோளாறு இல்லை. காற்றிலும் கோளாறு இல்லை. நட்சத்திரம்தான் மங்கியது.

அந்த வாலிபரின் பெயர் ஜான் குட்ரிக். அவர் இந்த உலகத்தில் வாழ்ந்தது 21 ஆண்டுகள்தான். வானத்தை ஆராய்ந்தது 5 ஆண்டுகள்கூட இல்லை. அந்தச் சிறு காலத்தில் அவர் கண்டுபிடித்த உண்மைகள், இன்றும் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டுகின்றன.

ஒலி இல்லாத உலகம்

ஜான் குட்ரிக் 1764-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி, ஹாலந்து நாட்டில் உள்ள குரோனிங்கன் நகரில் பிறந்தான். தந்தை ஹென்றி குட்ரிக் ஆங்கிலேயர். தாய் லெவினா.

குடும்பம் பெரிய குடும்பம். தாத்தாவுக்கு "சர்" பட்டம் உண்டு. யார்க் நகருக்கு அருகே மாளிகையும் நிலங்களும் இருந்தன. தாத்தாவுக்குப் பிறகு அந்தப் பட்டமும் சொத்தும் பேரனுக்கு வர வேண்டியவை.

ஆனால் செல்வம் இருந்து என்ன செய்வது? கைக்குழந்தையாக இருந்தபோதே ஜானுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தான். காது கேட்கும் சக்தி போய்விட்டது.

அம்மா கூப்பிடுவது கேட்காது. நாய் குரைப்பது கேட்காது. கோயில் மணி அடிப்பதும் கேட்காது. பிறர் பேசுவதைக் கேட்டுத்தானே குழந்தை பேசக் கற்கிறது? கேட்காத பிள்ளைக்குப் பேச்சு எப்படி வரும்?

அந்தக் காலத்தில் காது கேளாத பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்றே பலர் நினைத்தார்கள். எத்தனையோ பிள்ளைகள் வீட்டின் ஒரு மூலையிலேயே வளர்ந்து, ஒரு மூலையிலேயே முடிந்து போனார்கள்.

ஜானின் பெற்றோர் அவனை அப்படி விட்டுவிடவில்லை.

பள்ளிக்கூடம் கிடைத்தது

ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ நகரில் தாமஸ் பிரெய்டுவுட் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். காது கேளாத பிள்ளைகளுக்கென்று 1760-ம் ஆண்டில் ஒரு பள்ளி தொடங்கியிருந்தார். பிரிட்டனிலேயே அத்தகைய முதல் பள்ளி அதுதான்.

அங்கே பணம் கட்டித்தான் படிக்க வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு அது எட்டாத கனி. ஜானின் குடும்பத்துக்கு வசதி இருந்தது. அவனை அங்கே அனுப்பினார்கள்.

அங்கே அவன் எழுதப் படிக்கக் கற்றான். சொற்கள் அவனுக்குக் காது வழியாக வரவில்லை. கண் வழியாக வந்தன. எதையும் கூர்ந்து பார்க்கும் பழக்கம் அவனுக்கு வந்துவிட்டது.

பிறகு 1778-ம் ஆண்டில், வாரிங்டன் என்ற ஊரில் உள்ள கல்விச்சாலையில் சேர்ந்தான். இது காது கேளாதவர்களுக்கான பள்ளி அல்ல. எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் இடம். அவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து படித்தான். கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தான். வான சாஸ்திரத்தில் ஆசை பிறந்ததும் அங்கேதான்.

நண்பர் கிடைத்தார்

1781-ம் ஆண்டு. படிப்பை முடித்துக்கொண்டு, யார்க் நகரில் இருந்த தம் குடும்பத்தாரிடம் திரும்பினார் குட்ரிக். யார்க் பெரிய மாதா கோயிலுக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்தார்கள்.

அதே ஆண்டில் எட்வர்டு பிகாட் என்பவரும் யார்க் நகருக்குக் குடி வந்தார். அவர் குட்ரிக்குக்கு 11 வயது மூத்தவர். தூரத்து உறவினர். அவருடைய தந்தை நதானியேல் பிகாட்டும் வான ஆராய்ச்சியாளர். தந்தையும் மகனும் நல்ல கருவிகள் வைத்திருந்தார்கள்.

பிகாட்டும் குட்ரிக்கும் உயிர் நண்பர்கள் ஆனார்கள். ஒருவர் பார்த்ததை மற்றவருக்கு எழுதித் தெரிவித்தார். நட்சத்திரங்களில் ஒளி மாறுபவை எவை என்று தேடிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தைக் குட்ரிக்கின் மனத்தில் விதைத்தவர் பிகாட்தான்.

அந்தக் காலத்தில் அது புதுமையான வேலை. நட்சத்திரங்கள் என்றும் மாறாதவை என்று மக்கள் நெடுங்காலம் நம்பி வந்தார்கள். 1596-ம் ஆண்டில் டேவிட் பாப்ரிசியஸ் என்பவர் ஒரு நட்சத்திரம் தோன்றி மறைவதைக் கண்டார். அதற்கு மீரா என்று பெயர் வைத்தார்கள். அதிசயம் என்பது அதன் பொருள். அதற்குப் பிறகு இப்படிப்பட்ட நட்சத்திரங்கள் ஒரு சிலவே தெரிய வந்திருந்தன. அவை ஏன் மாறுகின்றன என்பது யாருக்கும் விளங்கவில்லை.

பேயின் தலை

குட்ரிக் திகைத்துப் பார்த்த நட்சத்திரத்தின் பெயர் அல்கோல். அது அரபு மொழிப் பெயர். பேயின் தலை என்று பொருள்.

அல்கோல் எப்போதோ ஒரு சமயம் மங்கித் தெரிந்ததாக, இத்தாலி நாட்டு மோண்டனாரி என்பவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தார். ஆனால் எப்போது மங்கும், எத்தனை நாளுக்கு ஒரு முறை மங்கும் என்று அவர் சொல்லவில்லை.

குட்ரிக் அதைக் கண்டுபிடிக்கத் துணிந்தார்.

அவர் செய்த முறை மிக எளிது. வெறும் கண்ணே போதும். அல்கோலுக்கு அருகே வேறு நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் ஒளி மாறுவதில்லை. அல்கோல் இன்று இதைவிடப் பிரகாசமா? அதைவிட மங்கலா? இரண்டுக்கும் நடுவிலா? இதைப் பார்க்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்க வேண்டும். கோயில் மணி அடிக்கும் ஓசை அவருக்குக் கேட்காது. கண்தான் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும், நட்சத்திரத்தையும் பார்க்க வேண்டும்.

முறை எளிதுதான். ஆனால் ஒரு நாள் செய்தால் போதாது. இரவுக்கு இரவு செய்ய வேண்டும். மேகம் மூடினால் காத்திருக்க வேண்டும். அந்த நாட்டுக் குளிரோ எலும்பைத் துளைக்கும்.

டிசம்பர் 28-ந் தேதி அல்கோல் மறுபடியும் மங்கியதைப் பார்த்தார். முதலில் பார்த்த நாளுக்கும் இதற்கும் இடையே 46 நாள். அப்படியானால் 46 நாளுக்கு ஒரு முறைதான் மங்குகிறதா?

இல்லை. இடையில் பல தடவை மங்கியிருக்கிறது. சில தடவை பகலில் மங்கியது. சில தடவை மேகம் மறைத்தது. அதனால் கண்ணில் படவில்லை. குட்ரிக் விடாமல் பார்த்தார். 1783-ம் ஆண்டு வசந்த காலத்துக்குள் விடை கிடைத்துவிட்டது.

அல்கோல் 2 நாள் 20 மணி 45 நிமிடத்துக்கு ஒரு முறை மங்குகிறது!

இன்றைய கருவிகள் சொல்லும் கணக்கு 2 நாள் 20 மணி 49 நிமிடம். வித்தியாசம் நாலே நிமிடம்.

கண்ணால் பார்த்தே இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியுமா? முடியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு மங்கலின் நேரத்தைக் குறிப்பதில் கால் மணி நேரம் பிசகலாம். ஆனால் அந்த 46 நாளில் அல்கோல் ஒரு சுற்று அல்ல, 16 சுற்று சுற்றியிருக்கிறது. அந்தக் கால் மணிப் பிசகை 16 சுற்றுக்கும் பங்கு போட்டால், சுற்றுக்கு ஒரு நிமிடம்தான் வரும். நாள் கூடக் கூடப் பிசகு குறையும். பொறுமையே இங்கே கருவி.

காரணம் என்ன?

நாளையும் மணியையும் சொன்னதோடு குட்ரிக் நிற்கவில்லை. ஏன் மங்குகிறது என்றும் யோசித்தார்.

தெருவில் ஒரு விளக்கு எரிகிறது. அதற்கு முன்னால் ஒருவர் நடந்து போகிறார். நமக்கு விளக்கு சிறிது நேரம் மறைகிறது. அவர் அந்த விளக்கையே சுற்றிச் சுற்றி நடந்தால், விளக்கும் குறித்த நேரத்துக்கு ஒரு முறை மறையும்.

அல்கோலையும் ஏதோ ஒரு பெரிய பொருள் சுற்றி வருகிறது. அது குறுக்கே வரும்போது ஒளியை மறைக்கிறது. இப்படி இருக்கலாம் என்றார் குட்ரிக். கிரகணம் போலத்தான் இது. இல்லாவிட்டால், நட்சத்திரத்தின் ஒரு பக்கத்தில் கரும்புள்ளிகள் இருக்கலாம், அந்தப் பக்கம் நம்மை நோக்கித் திரும்பும்போது மங்கலாம் என்றும் சொன்னார்.

இந்தச் செய்தி 1783-ம் ஆண்டு மே மாதம் லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிஞர் சபையில் படிக்கப்பட்டது. பிகாட்டும் அல்கோலைப் பார்த்தவர்தான். ஆனால் அவர் பெருமைக்குப் போட்டி போடவில்லை.

அறிஞர்கள் வியந்தார்கள். அந்த ஆண்டே ராயல் சொசைட்டி தன் உயர்ந்த பரிசான காப்ளி பதக்கத்தைக் குட்ரிக்குக்கு அளித்தது. அப்போது அவருக்கு 19 வயது.

பரிசு கிடைத்தது. ஆனால் அவர் சொன்ன காரணத்தை எல்லோரும் ஏற்கவில்லை. யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷெல், தம் தொலைநோக்கியில் அல்கோலைப் பார்த்தார். அது ஒற்றை நட்சத்திரமாகவே தெரிந்தது. சுற்றி வரும் பொருள் எதுவும் தென்படவில்லை. குட்ரிக்கின் மனமும் பிறகு கரும்புள்ளிப் பக்கமே சாய்ந்தது. சரியான விடையைச் சொன்னவருக்கே அதில் நம்பிக்கை தளர்ந்தது.

ஒரே இரவில் இரண்டு

1784-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி. நண்பர்கள் இருவருக்கும் அது மறக்க முடியாத இரவு. கழுகுக் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் மாறுவதைப் பிகாட் கண்டார். அதே இரவில், யாழ்க் கூட்டத்தில் பீட்டா லைரே என்ற நட்சத்திரம் மாறுவதைக் குட்ரிக் கண்டார்.

பீட்டா லைரே அல்கோலைப் போல அல்ல. அல்கோல் பெரும்பாலான நேரம் ஒரே ஒளியுடன் இருக்கும், திடீரென்று மங்கும். பீட்டா லைரே ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். 6 நாள் 9 மணிக்கு ஒரு முறை மங்குவதாகக் குட்ரிக் முதலில் நினைத்தார். விடாமல் பார்த்தபோது வேறு உண்மை தெரிந்தது. ஒரு தடவை அதிகமாக மங்குகிறது. அடுத்த தடவை கொஞ்சமாக மங்குகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு முழுச் சுற்று. அது 12 நாள் 19 மணி என்று திருத்தினார். தம் கணக்கைத் தாமே திருத்திக்கொள்ள அவர் தயங்கவில்லை.

அடுத்த மாதமே மூன்றாவது நட்சத்திரம் கிடைத்தது. அதன் பெயர் டெல்டா செபி. இதன் போக்கு இன்னும் விசித்திரம். ஒன்றரை நாளில் வேகமாக ஒளி ஏறும். நான்கு நாளில் மெல்ல மெல்ல இறங்கும். இதன் சுற்று 5 நாள் 8 மணி 37 நிமிடம் என்றார் குட்ரிக். இன்றைய கணக்குக்கும் அதற்கும் வித்தியாசம் ஏறக்குறைய 10 நிமிடம்தான்.

மூன்று நட்சத்திரங்கள். மூன்று விதமான போக்குகள். மூன்றும் ஒன்றுபோல் இல்லை என்பதைத் தெளிவாக எழுதி வைத்தார்.

அணைந்த விளக்கு

1786-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். ராயல் சொசைட்டி குட்ரிக்கைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. பெரிய பெரிய அறிஞர்கள் தவம் கிடந்து பெறும் கௌரவம் அது.

அதே ஏப்ரல் மாதம் 20-ந் தேதி, யார்க் நகரில் ஜான் குட்ரிக் காலமானார். அப்போது அவருக்கு 22 வயதுகூட நிரம்பவில்லை.

நட்சத்திரங்களைப் பார்ப்பதற்காக இரவுக் குளிரில் நின்றதால் வந்த சளியும் காய்ச்சலுமே அவர் உயிரைக் குடித்தன என்று சொல்லப்படுகிறது.

தந்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்து போயிருந்தார். தாத்தா உயிரோடு இருந்தார். பேரனின் சாவைப் பார்க்க வேண்டிய கொடுமை அவருக்கு நேர்ந்தது. குட்ரிக்குக்கு வர வேண்டிய பட்டம், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தம்பிக்குப் போயிற்று.

ஹன்சிங்கோர் என்ற கிராமத்தில் குடும்பக் கல்லறையில் குட்ரிக்கை அடக்கம் செய்தார்கள்.

நண்பர் பிகாட், அதுவரை தெரிந்த மாறும் நட்சத்திரங்களையும், மாறலாம் என்று சந்தேகப்பட்டவற்றையும் பட்டியல் போட்டு அதே ஆண்டில் வெளியிட்டார். உறுதியாக மாறுபவை என்று அவர் காட்டியவை 12 நட்சத்திரங்களே. அந்தப் பன்னிரண்டில் குட்ரிக் ஆராய்ந்த மூன்றும் அடங்கும்.

நூறு ஆண்டு கழித்து

1889-ம் ஆண்டு. குட்ரிக் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஜெர்மனியில் பாட்ஸ்டாம் நகரில் ஹெர்மான் போகல் என்ற விஞ்ஞானி, ஒளியைப் பிரித்துக் காட்டும் கருவியால் அல்கோலை ஆராய்ந்தார். அல்கோல் சில நாள் நம்மை நோக்கி வருகிறது. சில நாள் விலகிப் போகிறது. ஒன்றை ஒன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள் அங்கே இருக்கின்றன என்பது அதனால் தெரிந்தது. மங்கலான நட்சத்திரம் பிரகாசமான நட்சத்திரத்துக்குக் குறுக்கே வருகிறது. அப்போது ஒளி மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது.

பதினெட்டு வயதில் குட்ரிக் சொன்ன கிரகண விளக்கமே சரி!

விஞ்ஞானிகள் மாறும் நட்சத்திரங்களை இனம் இனமாகப் பிரித்தார்கள். எப்படிப் பிரிப்பது? ஒளி ஏறி இறங்கும் போக்கை நெடுநாள் பார்த்துத்தான். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள்.

கிரகணத்தால் திடீரென்று மங்குபவை அல்கோல் இனம். மிக நெருங்கிச் சுற்றுவதால் ஒன்றை ஒன்று இழுத்து, முட்டை வடிவமாகி, ஓயாமல் ஒளி மாறுபவை பீட்டா லைரே இனம். நெஞ்சு விம்மித் தாழ்வதுபோல நட்சத்திரமே விரிந்து சுருங்குவதால் மாறுபவை டெல்டா செபி இனம். இவற்றை செபீடு என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

மூன்று இனங்களுக்கும் பெயர் கொடுத்தவை குட்ரிக்கின் மூன்று நட்சத்திரங்கள்!

மாதக் கணக்கில் மெல்ல மாறுபவை மீரா இனம். சென்னை வான ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ம் ஆண்டில் கண்டுபிடித்த நட்சத்திரம் இந்த இனத்தைச் சேர்ந்தது.

வானத்தை அளந்த கோல்

செபீடு இனம் இன்னொரு பெரிய உதவியும் செய்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு நிலையத்தில் வேலை பார்த்த ஹென்ரியட்டா லீவிட் என்ற பெண்மணி, 1912-ம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார். செபீடு மெதுவாக மாறினால் அதன் உண்மையான ஒளி அதிகம். வேகமாக மாறினால் ஒளி குறைவு. லீவிட் அம்மையாருக்கும் காது சரியாகக் கேட்காது.

சுற்று எத்தனை நாள் என்று பார்த்தால், உண்மையான ஒளி எவ்வளவு என்று தெரியும். நம் கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்தால், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம்.

1923-ம் ஆண்டில் எட்வின் ஹப்பிள், ஆண்ட்ரமீடா என்ற ஒளித்திட்டில் ஒரு செபீடைக் கண்டார். அது நம் நட்சத்திர மண்டலத்துக்கு வெளியே, வெகு தூரத்தில் உள்ள வேறொரு மண்டலம் என்று அதனால் தெரிந்தது. இன்றைய கணக்குப்படி அதன் தூரம் 25 லட்சம் ஒளியாண்டு. அண்டம் இவ்வளவு பெரியது என்று மனிதன் அறிந்துகொள்ள, குட்ரிக் கண்ட நட்சத்திர இனமே அளவுகோல் ஆயிற்று.

யார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 1968-ம் ஆண்டில் தொடங்கிய ஒரு கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

நாமும் பார்க்கலாம்

அல்கோலை நம் ஊரிலிருந்தும் பார்க்கலாம். கார்த்திகை, மார்கழி மாதத்து இரவுகளில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் தலைக்கு மேலே வரும். அதற்கு வடக்கே பார்த்தால் அல்கோல் தெரியும். தெரிந்தவர்களைக் கேட்டு ஒரு முறை அடையாளம் கண்டுகொண்டால் போதும். தொலைநோக்கி வேண்டாம். பணம் வேண்டாம். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, நேரத்தைக் குறித்து வையுங்கள். ஒரு நாள் அது மங்கியிருப்பதை நீங்களும் காண்பீர்கள்.

காது கேளாத பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று அந்தப் பெற்றோர் நினைத்திருந்தால், ஜான் குட்ரிக்கை உலகம் அறிந்திருக்காது. அவர்கள் அவனுக்கு எழுத்தைக் கொடுத்தார்கள். அவன் உலகத்துக்கு வானத்தின் ரகசியத்தைக் கொடுத்தான்.